மிரட்டினவர் முழு விலாசம்

துப்பாக்கி வாங்கின கதையைச் சொல்லுங்கன்னு சொந்தக்காரங்க கேக்கும்போதெல்லாம் நான் மரப் பிடியைப் பத்திப் பேசுவேன், எடையைப் பத்திப் பேசுவேன், அப்புறம் காபி வந்திருச்சான்னு உள்ளே எட்டிப் பார்ப்பேன். மிச்சத்தை இன்னிக்குத்தான் முதல் தடவையா வாய் திறந்து சொல்றேன். கேட்டு முடிச்சுக் காறித் துப்பணும்னு தோணுச்சுன்னா தாராளமா துப்புங்க, துடைச்சுக்கிறேன்.

என் பேரு ஆனந்தகுமார். சொந்த ஊரு திசையன்விளைப் பக்கம், மெட்ராஸ் வந்து முப்பத்தஞ்சு வருஷமாச்சு. தி. நகர்ல ரங்கநாதன் தெருவை ஒட்டின ஒரு சந்துல மேட்சிங் சென்டர் வச்சிருக்கேன். சேலையைத் தூக்கிட்டு வந்து நிக்கிற பொம்பளைங்களுக்கு அதே நிறத்துல ப்ளவுஸ் துணி எடுத்துக் குடுக்கிற தொழில். பச்சையிலயே என்கிட்ட பதினேழு பச்சை இருக்கு. எந்தப் பச்சைக்கு எந்தப் பச்சைன்னு கண்ணை மூடிட்டு எடுப்பேன், அதுல நான் கெட்டிக்காரன். மத்த விஷயத்துல எனக்கு வாய்ச்ச புத்தி என்னன்னு போகப் போகத் தெரிஞ்சுக்குவீங்க.

என் கடைக்கு அடுத்த கடை இனாயத் பாயோடது. லேஸ், பட்டன், கொக்கி, கல்லு, மணி. ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரு தூண் மட்டும்தான். அவர் அங்க தும்மினா நான் இங்க இருந்து "நூறாயுசு"ன்னு சொல்லுவேன். இருபத்திரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு. அவருக்கு வீடு திருவல்லிக்கேணியில. ரம்ஜானுக்கு அவர் வீட்டம்மா குல்சும் தூக்குவாளியில பிரியாணி குடுத்தனுப்பும். ஆயுதபூஜைக்கு என் கடைப் பொரி கடலையில முதல் பொட்டலம் பாய் கடைக்குத்தான் போகும்.

ஆயுதபூஜைன்னு சொன்னேன்ல, வினையே அங்கதான் ஆரம்பிச்சுது.

என் வீட்டுக்காரி சீதாவோட தங்கச்சி நீரஜா. நீரஜாவைக் கட்டினவர் ராம்குமார், எனக்குச் சகலை. நகைக்கடை வச்சிருக்கார், அடையாறுல பெரிய வீடு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆயுதபூஜைக்கு அவர் கடைக்குக் குடும்பத்தோட போயிருந்தோம். சாமி படத்துக்கு முன்னால தராசு, உரைகல், கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருந்தாங்க. நடுவுல ஒரு வெள்ளித் தட்டு. தட்டுல பட்டுத்துணி, அதுக்கு மேல ஒரு துப்பாக்கி. அந்தக் காலத்துச் சாயல், கறுத்த இரும்பு, தேன் நிறத்துல மரப் பிடி, பிடியில சந்தனம் குங்குமம். வந்தவன் பூராவும் சாமியை விட்டுட்டு அதைத்தான் கும்பிட்டான். என் மாமனார் போய்ப் பவ்யமா, "தொட்டுப் பார்க்கலாமா மாப்பிள்ளை?"ன்னு கேக்குறார். இருபத்தெட்டு வருஷமா என் கடைப் பூஜைக்கும் வர்றார். என் கத்திரிக்கோலை ஒரு நாளாவது தொட்டுப் பார்க்கலாமான்னு கேட்டிருக்காரா? எனக்கு வயிறு எரிஞ்சுது.

நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் சகலை"ன்னேன்.

ராம்குமார் சிரிச்சார். "உங்களுக்கு எதுக்கு சகலை? ப்ளவுஸ் பிட்டைக் கொள்ளையடிக்க எவன் வரப்போறான்?"

கடை முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் சிரிச்சதைக்கூடப் பொறுத்துக்குவேன், சீதாவும் சேர்ந்து சிரிச்சா. முந்தானையை வாயில வச்சு அமுக்கிட்டுச் சிரிச்சா. அடுத்த பூஜைக்கு என் தட்டுலயும் ஒண்ணு இருக்கும்டா, பாருங்கடான்னு அங்கேயே மனசுக்குள்ள சபதம் போட்டேன்.

மறுவாரமே தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேரு ராமானுஜம். நெத்தி நிறைய நாமம், முட்டைகூடத் தொடாத மனுஷன், துப்பாக்கி விக்கிறார். "பழைய மாடலா, நல்ல தரமா, விலை கையைக் கடிக்காம ஒண்ணு காட்டுங்க"ன்னு கேட்டேன். என் கடையில பொம்பளைங்க கேக்குற மாதிரியே கேட்டிருக்கேன்.

"லைசென்ஸ் இருக்கோ?"

"அது அப்புறம் வாங்கிக்கலாம்ல?"

"நன்னாருக்கு! லைசென்ஸ் இல்லாம கையில தரப்படாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்கோ."

பார்த்தேன். மூணு எடுத்து வச்சார். என் கண்ணு போன இடத்தைப் பார்த்துட்டு அவரே ஆரம்பிச்சார். "முதல் தடவை வாங்கறவா எல்லாரும் பிடியைத்தான் பார்ப்பா. பிடியை நாளைக்கே மாத்திக்கலாம். குண்டு சுலபமா கிடைக்கறதா, ரிப்பேருக்கு ஊர்ல ஆள் இருக்கா, உங்க கைக்கு அடங்கறதா, அதைப் பாருங்கோ. வெளிநாட்டுப் பழசுன்னு ஆசைப்பட்டேள்னா வீட்டை அடமானம் வைக்கணும். இதோ இது நம்மூர் தயாரிப்பு. குண்டு அளவு முப்பத்திரண்டு போர். அதே பழைய சாயல், அதே கனம். விலை அதுல கால்வாசிகூட வராது."

கறுத்த உடம்பு. பின்னால சுட்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுத்தியல். வால்நட் மரப் பிடி. கேட்டுட்டு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். என் போன் முகப்புல இருந்த, பெத்த பொண்ணு சரண்யாவோட படத்தை எடுத்துட்டு, இதை வச்சேன். வெக்கமா இருக்கு, ஆனா வச்சேன்.

லைசென்ஸ் பேப்பர் வேலை பார்த்துக் குடுக்கிற அறிவுன்னு ஒருத்தரைப் பிடிச்சேன். டாக்டர் சர்டிஃபிகேட், சுடப் பழகின சர்டிஃபிகேட், வரி கட்டின காகிதம்னு எல்லாம் வரிசையா அடுக்கினார். அப்புறம் பேனாவைக் கீழே வச்சுட்டு, "உங்களை யாரு சார் மிரட்டினா?"ன்னு கேட்டார்.

"யாரும் மிரட்டலையே."

"அப்ப துப்பாக்கி எதுக்கு சார்? உயிருக்கு ஆபத்துன்னு ஏதாவது ஒண்ணு இருந்தாத்தானே கேக்கவே முடியும். யாராவது மிரட்டியிருந்தா ஸ்டேஷன்ல ஒரு மனு குடுங்க, ரசீது தருவாங்க. ஃபார்மோட அந்த ரசீதையும் வைங்க. கேஸுகீஸெல்லாம் ஆகாது. மனு ரசீதோட நின்னுரும்."

ரசீதோட நின்னுரும்னு அவர் சொன்னது மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு. கல்லாவுல உட்கார்ந்து வெள்ளைத்தாளை எடுத்தேன். மனுதாரர்னு போட்டு என் பேரு. எதிர்மனுதாரர்னு போட்டுட்டு யோசிச்சேன், யோசிச்சேன், ஒரு பேரும் வரல. எனக்கு ஒரு விரோதிகூட இல்லைய்யா! ஈரோட்டு மில்லுக்காரன் ஒருத்தன்கூடப் போன்ல நாறச் சண்டை போட்டிருக்கேன், ஆனா அவன் பேரு என் போன்ல 'லைனிங் மில்'னுதான் இருக்கு. சாயம் போச்சுன்னு துணியை முகத்துல விட்டெறிஞ்ச மாம்பலத்தம்மா பேரு தெரியாது. மனுவுல பேரு மட்டும் போதாது. தகப்பனார் பேரு வேணும், முழு விலாசம் வேணும். இந்த ஊருல தகப்பனார் பேரோட, கதவு நம்பரோட, எத்தனாவது மாடின்னு எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு இனாயத் பாய். பிரியாணி தூக்குவாளியைத் திருப்பிக் குடுக்க எத்தனை தடவை அந்தப் படி ஏறியிருக்கேன்.

அந்த வாரம் ஒரு சின்ன வாக்குவாதமும் நடந்திருந்துச்சு. பொங்கல் கூட்டம். சேலை ஃபால்ஸ் தொங்கவிடுற என் ஸ்டாண்டு அவர் வாசலை மறைச்சு நின்னுச்சு. பாய் லேஸ் வெட்டிட்டிருந்தவர் கத்திரிக்கோலோட வெளியே வந்தார். "அண்ணாச்சி, இன்னொரு தபா இத்த என் வாசல்ல வெச்சீங்கன்னா, உங்களையே வெட்டி மேட்சிங் பிட்டா மீட்டர் கணக்குல வித்துருவேன், ஆமா!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாங்குறதுக்கு ஆள் இருக்காதுவே, சாயம் போன துணி"ன்னேன். ரெண்டு கடையிலயும் நின்ன பொம்பளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பாய் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். நான் குடிச்சேன்.

அதைத்தான் எழுதினேன். "பக்கத்துக் கடை வியாபாரியான மேற்படி நபர் கூர்மையான கத்திரிக்கோலைக் காட்டி, என்னை வெட்டிக் கொன்றுவிடுவதாகப் பொதுமக்கள் முன்னிலையில் மிரட்டினார். என் உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளது." எழுதி முடிச்சுப் படிச்சுப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சவத்து மூதி, அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்.

ரசீது வந்துச்சு, ஃபார்மோட போச்சு. மாசம் ரெண்டு ஓடுச்சு. பாய்க்கு எதுவும் தெரியாது. நான் அவர் கண்ணைப் பார்த்துப் பேசிட்டுத்தான் இருந்தேன், டீ குடிச்சிட்டுத்தான் இருந்தேன். இதுக்கு நடுவுல சரண்யாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சு கல்யாணம் முடிவாச்சு. கல்யாண ப்ளவுஸுக்கெல்லாம் லேஸும் மணியும் பாய் கடையில இருந்துதான். அவரே உட்கார்ந்து ஒவ்வொண்ணா பொறுக்கிக் குடுத்தார்.

ஒரு நாள் முகூர்த்தச் சேலை எடுத்துட்டுக் கடைக்குத் திரும்பி வர்றேன், பாய் வாசல்லயே நிக்கிறார். முகமெல்லாம் பல்லு.

"இன்னா அண்ணாச்சி, கமுக்கமா கீறீங்க! துப்பாக்கி வாங்கப் போறீங்களாமே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா!"

"யாரு சொன்னா?"

"ஸ்டேஷன்லேருந்து ஒருத்தரு வந்தாரு. உங்களைப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்னாரு. அக்கம்பக்கம்னா நான்தானே! குந்த வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஒரு பக்கத்துக்குச் சொல்லிட்டேன். தங்கமான மனுசன், ஒரு வம்பு தும்பு கெடயாது, இவருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்கன்னு கேட்டேன். கையெழுத்துகூட போட்டுக் குடுத்துக்கீறேன்."

நான் உள்ளே போய் லைனிங் ரேக்குக்குப் பின்னால நின்னு அறிவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆள் போன்லயே தலையில அடிச்சுக்கிட்டது கேட்டுச்சு. "அட பாவி மனுஷா! மிரட்டினவன்கிட்டயே நல்லவன்னு கையெழுத்தா? ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்குமே சார்!"

மூணாம் நாள் ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. கல்யாணத்துக்குப் பத்தொம்பது நாள் இருந்துச்சு. பாய் வெளுத்த சட்டை போட்டு, அத்தர் பூசிட்டு வந்து நின்னார். எனக்குச் சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு நினைச்சிருக்கார். என் ஸ்கூட்டர்லதான் பின்னால உட்கார்ந்து வந்தார். "நீங்க ஒண்ணியும் பேஜாராவாதீங்க, நான் பேசிக்கிறேன்"னு வழி முழுக்க எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டே வந்தார். ஒவ்வொரு சிக்னல்லயும் வண்டியை ஓரங்கட்டிச் சொல்லிரலாமான்னு நினைச்சேன். ஒவ்வொரு சிக்னலும் பச்சை விழுந்துச்சு, நான் போயிட்டே இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. எங்களைப் பார்த்ததும், "ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

"ஒரே வண்டில வந்தோம் மேடம்"னார் பாய், பெருமையா.

எனக்கு நாற்காலி காட்டினாங்க. அவருக்குக் காட்டல. அந்த அம்மா ஃபைலைத் திறந்து என் மனுவை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சாங்க. மேற்படி நபர். கூர்மையான கத்திரிக்கோல். வெட்டிக் கொன்றுவிடுவதாக. தகப்பனார் பேரு வந்தப்ப பாய் லேசா நிமிர்ந்தார். கதவு நம்பர் வந்தப்ப என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துட்டிருந்தேன். செத்துப் போயிரலாம்போல இருந்துச்சு.

அடுத்து பாயோட வாக்குமூலத்தை வாசிச்சாங்க. தங்கமான மனிதர். எந்த வம்புக்கும் போகாதவர்.

"எது பொய்?"னாங்க. "மனு பொய்னா, பொய்ப் புகார் குடுத்ததுக்கு இவர் மேல நான் கேஸ் போடணும். மனு நிஜம்னா, கத்திரியைக் காட்டினவர் இவருக்கு எதுக்கு நற்சான்று குடுக்கிறார்? சொல்லுங்க சார். யாரு சொல்றீங்க?"

நான் சொல்லணும். 'நான்தான் பொய் எழுதினேன்.' மூணே வார்த்தை. ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை வியாபாரத்துக்குப் பேசுற வாய் இது. பாய் என்னைப் பார்த்துட்டே நின்னார். சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல, ஒரு சைகை காட்டல. காத்துட்டு இருந்தார். நான் மேஜை மேல இருந்த ஃபைலையே பார்த்துட்டிருந்தேன்.

"சொன்னேன் மேடம்"னார் பாய். "கத்திரி கையில இருந்துச்சு. வெட்டிருவேன்னு சொன்னேன். கோவத்துல வந்துருச்சு."

"அப்ப எதுக்கு இவரை நல்லவர்னு எழுதிக் குடுத்தீங்க?"

"அவரு நல்லவருதான் மேடம். தப்பு என்மேலதான்."

நான் அப்பவாவது எந்திரிச்சிருக்கலாம். எந்திரிக்கல. நாற்காலியில உட்கார்ந்தே இருந்தேன். இனிமே மனுதாரர் கடைக்குள்ள போக மாட்டேன், அவர் முன்னால எந்த ஆயுதமும் வச்சுக்க மாட்டேன், மீறினா சட்டப்படி நடவடிக்கைக்குக் கட்டுப்படுறேன்னு அவர்கிட்ட எழுதி வாங்கினாங்க. நின்னுக்கிட்டே, மேஜையில குனிஞ்சு, தகப்பனார் பேரோட முழுசா கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து நான் ஸ்கூட்டரைத் திருப்பினேன். அவர் ஏறல.

"நீங்க போங்க அண்ணாச்சி. நான் பஸ்ல வரேன்."

"பாய்..."

"பொண்ணு கல்யாணம் கீது. அப்பன்மேல போலீஸ் கேஸுன்னா அந்தாண்ட வூட்டுக்காரங்க சும்மா வுடுவாங்களா? அந்தப் புள்ளைக்குத்தான் சொன்னேன். போங்க."

கல்யாணத்துக்கு வந்தார். குல்சும் அம்மாவோட கடைசிப் பந்தியில சாப்பிட்டுட்டு, என் பக்கம் வராமலே போயிட்டார். "பாய் மாமா ஏம்ப்பா மேடைக்கு வரலை?"ன்னு சரண்யா கேட்டா. முட்டிவலின்னு சொன்னேன். பொய் சொல்றது அதுக்குள்ள எனக்குப் பழகிப் போச்சு.

லைசென்ஸ் வந்துச்சு. வராம? ஆபத்து உண்மைன்னு ஆபத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்குல்ல. தேனாம்பேட்டைக்குப் போனேன். ராமானுஜம் இந்தத் தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, அதே துப்பாக்கியை என் உள்ளங்கையில வச்சார். கனமா, குளிர்ச்சியா இருந்துச்சு. பிடி கைக்கு அப்படியே அடங்குச்சு. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

"இதெல்லாம் கிட்டக்க ஆகற காரியத்துக்குத்தான்"னார் அவர். "உங்களை மெரட்டினானே, அந்த ஆள் சாதாரணமா எவ்வளவு தூரத்துல இருப்பான்?"

கல்லாவுல இருந்து கல்லாவுக்கு மனசுக்குள்ள அளந்தேன். "எட்டடி."

"எட்டடியா! அப்போ இது தாராளமாப் போறும்"னு சொல்லிட்டு, பெட்டிக்குள்ள பஞ்சை வச்சு மூடினார்.

ஆயுதபூஜை வந்துச்சு. வெள்ளித் தட்டு, பட்டுத்துணி, சந்தனம் குங்குமம், எல்லாம் வச்சேன். சீதா ஒரு ஓரமா நின்னா. ஸ்டேஷன் விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருந்துச்சு, இந்தத் தடவை சிரிக்கல. ராம்குமார் வந்து குனிஞ்சு பார்த்தார். "நம்மூர் சரக்கா சகலை? பரவாயில்ல, பார்க்க அசல் மாதிரியேதான் இருக்கு"ன்னுட்டு ஒரு வாய் பொரியை அள்ளிப் போட்டுக்கிட்டார். மாமனார், முட்டி வலிக்குதுன்னு உட்கார்ந்தவர் எந்திரிக்கவே இல்ல. இவ்வளவுதான். இதுக்குத்தான்.

முதல் பொட்டலத்தை எடுத்துட்டு நானே பாய் கடைக்குப் போனேன். அவர் லேஸ் வெட்டிட்டிருந்தார். நான் தூணைத் தாண்டினதும் வெட்டுறதை நிறுத்தினார். கத்திரிக்கோலை மேஜைக்கு அடியில வச்சார். ரெண்டு கையையும் விரிச்சு எனக்குத் தெரியுற மாதிரி மேஜை மேல வச்சுட்டு எந்திரிச்சு நின்னார்.

"என்ன பாய் இது?"

"எழுதிக் குடுத்துக்கீறேனே அண்ணாச்சி. கத்திரியோட உங்க எதுர்ல நிக்கக் கூடாது." குத்தலா சொல்லல. அப்படிச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

"பாய், நான் பொய் எழுதினேன். என்னை மன்னிச்சிருங்க."

"எனக்குத் தெரியாதா நீங்க எழுதுனது பொய்யின்னு? என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அங்க சொல்லியிருக்கணும்." பொரிப் பொட்டலத்தை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டார். வாங்காம இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்.

அதுக்கப்புறமும் ஆறு மாசம் நான் அங்க போய்ச் சொல்லல. தினமும் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளினேன். தேர்தல் வந்துச்சு. லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு உத்தரவு. பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். பழைய இன்ஸ்பெக்டரம்மா மாறிப் போயிருந்தாங்க. எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு பெட்டியை வாங்கி, நம்பரைக் குறிச்சு, ரசீது குடுத்தார். நான் நகரல.

"ஐயா, நான் ஒரு பொய் மனு குடுத்திருக்கேன். அதை ரத்து பண்ணணும்."

அவர் நோட்டைத் தேடி எடுத்துப் புரட்டினார். "இதுவா? எதிர்மனுதாரரே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரே சார். முடிச்சு வச்சாச்சு."

"அவர் எனக்காகப் பொய் சொன்னார்யா."

"அவர் சொன்னதைப் பொய்யின்னு நீங்க எப்படி சார் சொல்ல முடியும்?"

எனக்குக் கோபம் வந்துச்சு. யார் மேலன்னு கேக்காதீங்க. அங்கேயே ஒரு தாளைக் கேட்டு வாங்கினேன். மனுதாரர்னு போட்டு என் பேரு. எதிர்மனுதாரர்னு போட்டு என் பேரு, என் தகப்பனார் பேரு, என் முழு விலாசம். நடந்ததை ஒண்ணு விடாம எழுதினேன். பாய் சொன்ன கேலியை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன், நான் குடிச்ச டீயையும் எழுதினேன். ஏட்டு வாசிச்சார். பாதியில சிரிப்பு வந்து, அடக்கிட்டு, என் முகத்தைப் பார்த்துட்டுப் பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"உங்க மேல நீங்களே மனுவா? எலெக்‌ஷன் நேரம் சார், தலைக்கு மேல வேலை இருக்கு. துப்பாக்கிக்கு ரசீது வாங்கிட்டீங்கல்ல, கிளம்புங்க."

ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்து பார்த்தேன். புது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார், வெளியே போனார். நாலு தடவை எந்திரிச்சேன், யாரும் வாங்கல. பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுட்டு நேரா பாய் கடைக்கு வந்தேன்.

என்னைப் பார்த்தார். கத்திரிக்கோல் மேஜைக்கு அடியில போச்சு. கை ரெண்டும் மேஜை மேல வந்துச்சு.

நான் பேப்பரை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமா வாசிச்சார். டீ குடிச்சதுன்னு வர்ற இடத்துல கொஞ்ச நேரம் நின்னார். அப்புறம் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மடிச்ச மடிப்புலயே மடிச்சு என்கிட்ட திருப்பிக் குடுத்தார்.

"இதுல ஸ்டேஷன் சீலு இல்லியே அண்ணாச்சி"ன்னார்.

பேப்பரைச் சட்டைப் பையில வச்சேன். திரும்பித் தூணைத் தாண்டி, என் கடைக்குள்ள போய், கல்லாவுல உட்கார்ந்தேன். அதுக்கப்புறம்தான் பக்கத்துக் கடையில கத்திரிக்கோல் வெட்டுற சத்தம் கேட்டுச்சு.